முதல் மழைக்குச் செத்த மீன்கள்: ஒரு குட்டைக்கரைக் குடியிருப்பில் நடந்தது

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தெற்கே, பீடோர் வட்டாரத்துத் தோட்டப்புறப் பட்டணம் ஒன்றில் 2016 ஏப்ரலில் நடந்தது இது. ஓர் இரவு மழைக்குப் பிறகு குடியிருப்பை ஒட்டிய குட்டையில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. காரணம் தெரிவதற்கு முன்பே ஊர் ஆளைத் தேடத் தொடங்கிவிட்டது. அப்போது அங்கே ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் சங்கத்தின் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஆட்களின் பெயரும் குடியிருப்பின் பெயரும் வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் விட்டிருக்கிறேன்.

இடமும் மக்களும்

குட்டை என்று நாங்கள் சொல்வது இயற்கை ஏரி அல்ல, ஈயம் தோண்டிய பள்ளம். 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் பேராக்கில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பள்ளங்களில் மழைநீர் நிரம்பி நின்றுவிட்டது. எங்கள் குட்டையின் கிழக்குக் கரை செங்குத்தாக இறங்கும், அந்தப் பக்கம் ஆழம் யாருக்கும் சரியாகத் தெரியாது. மேற்குக் கரை மணலும் சேறுமாகச் சரிந்து கிடக்கும், முழங்கால் தண்ணீரில் கொஞ்ச தூரம் நடக்கலாம்.

மேற்குக் கரையில்தான் மலிவு விலை வீடுகள் மூன்று வரிசை. பக்கத்து ரப்பர் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) உடைத்தபோது வந்து குடியேறியவர்களே பெரும்பாலோர். வடக்கே ஒரு மலாய்க் கம்போங் (கிராமம்). தெற்கே செம்பனைத் தோட்டம், அதன் விளிம்பில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் தங்கும் கொங்சி. தோட்டத்தின் மழைநீர்க் கால்வாய் ஒன்று தெற்கு மூலையில் குட்டைக்குள் விழுகிறது. மாரியம்மன் கோயில் கரையிலேயே இருக்கிறது. சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்குக் கரகம் ஜோடிப்பது குட்டைப் படிக்கட்டில்தான்.

குட்டையை நம்பிப் பிழைக்கிறவர் என்று ஒருவரைத்தான் சொல்ல முடியும். ஓய்வுபெற்ற லோரி டிரைவர் ஒருவர் மிதக்கும் கூண்டுகளில் திலேப்பியா மீன் வளர்த்தார். மற்றவர்களுக்கு அது தூண்டில் போடவும், மாலையில் காற்று வாங்கவும், ஆத்திர அவசரத்துக்குத் துணி அலசவும் இருந்த இடம்.

கரையில் ஓர் ஆண்டு

நடந்ததைப் புரிந்துகொள்ள அந்தக் கரையில் பருவம் எப்படி மாறும் என்று சொல்லியாக வேண்டும்.

தீபாவளியை ஒட்டிப் பெரிய மழை. அக்டோபர், நவம்பரில் குட்டை நிரம்பிக் கால்வாய் எதிர்த்து ஏறும், முதல் வரிசை வீடுகளின் பின்கட்டு வரை தண்ணீர் வரும். உடும்பு கோழிக்கூட்டைத் தேடி வரும். தண்ணீர் வடிந்ததும் எலிக்காய்ச்சல் பயத்தில் கிளினிக்காரர்கள் வந்து, செருப்பில்லாமல் சேற்றில் இறங்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். யாரும் கேட்பதில்லை. பொங்கல் வரை குட்டை ததும்பி இருக்கும். வடக்கிலிருந்து வந்த கொக்குகள் கம்போங் பக்கத்து நாணலில் அடையும்.

தைப்பூசம் முடிந்தால் வெயில். மிச்சமிருக்கும் சின்னத் தோட்டங்களில் ரப்பர்ப் பால்மரம் இலை கொட்டும், பாலும் குறையும். தண்ணீர் நாளுக்கு நாள் உள்வாங்க, வெளியே தெரியும் கரையில் பெண்கள் கங்கோங் கீரை, மரவள்ளி போட்டுவிடுவார்கள். சேற்றுக் குழிகளில் ஆருவான் (விரால் மீன்) பிடிக்க இதுதான் காலம். அறுவை செய்துகொண்டவர், பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு ஆருவான் ரசம் போகும். புண் சீக்கிரம் ஆறும் என்பது மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும் பொதுவான நம்பிக்கை.

ஏப்ரலில் மாலை இடிமழை தொடங்கும். ஜூன், ஜூலையில் இன்னொரு வறட்சி, அது அவ்வளவு கடுமையாக இருக்காது. அப்புறம் ரப்பர் கொட்டை வெடித்துக் கூரைத் தகரத்தில் விழும் காலம், சில ஆண்டுகளில் புகைமூட்டம், மறுபடி தீபாவளி மழை.

இதில் ஒருவருக்கு மட்டும் எழுத்துக் கணக்கு உண்டு. தோட்டத்து ஆபீஸ்களில் தினமும் மழை அளந்து எழுதுவது வெள்ளைக்காரர் காலத்து வழக்கம். எங்கள் குடியிருப்பில் இருந்த பழைய கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) ஒருவர் ஓய்வுபெற்ற பிறகும் அதை விடவில்லை. வீட்டுப் பின்புறம் திறந்த வெளியில் செப்புப் புனல் வைத்த மழைமானி. காலை 7 மணிக்குப் பசியாறுவதற்கு முன் அதைத் திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, நீலக்கோட்டு நோட்டில் மில்லிமீட்டரில் எழுதுவார். மழை இல்லாத நாளிலும் திறந்து பார்த்து ஒரு சைபர் போடுவார். பொழுது போகாத மனிதர் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள்.

சம்பவத்துக்கு முன்

2015-16 எல் நினோ என்ற வறட்சி தரும் பருவநிலை காய்ச்சி எடுத்த ஆண்டு. மார்ச் மாதம் கெடா, பெர்லிஸில் வெயில் தாங்காமல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். எங்கள் மாநிலத்தின் வடக்கே, 1906-இல் கட்டி முடித்த புக்கிட் மேரா நீர்த்தேக்கமே வற்றி, கிரியான் வயல்களுக்குத் தண்ணீர் பற்றாக்குறை வந்தது. கிராணியின் நோட்டில் மார்ச் பக்கம் முழுக்கச் சைபராகத்தான் இருக்கிறது, இடையில் ஓரிரண்டு தூறல்.

குட்டை வற்றி, தண்ணீர் பச்சைப் பசேலென்று ஆனது. ஆகாயத்தாமரை மேற்குக் கரையை அடைத்துக்கொண்டது. பிப்ரவரியில் இரண்டு வீட்டில் டிங்கிக் காய்ச்சல் கண்டதும், கொசுவுக்குக் காரணம் இந்தச் செடிதான், அழித்துத் தாருங்கள் என்று குடியிருப்பே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தது. உண்மையில் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு ஆகாயத்தாமரையைத் தேடிப் போவதில்லை. பூச்சட்டித் தட்டு, டயர், வாளி, அடைத்த கூரைத் தூம்பு என்று தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும். ஆகாயத்தாமரை வேரில் ஒட்டி வளர்வது மன்சோனியா என்ற வேறு இனம். யானைக்கால் பரப்பக்கூடியது, டிங்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனு எழுதிய நேரத்தில் இதைச் சொல்ல ஆளில்லை.

மனு பலித்தது. மார்ச் நடுவில் ஒரு குத்தகையாளரின் ஆட்கள் வந்து, அடைந்திருந்த செடி முழுவதற்கும் ஒரே நாளில் புல்மருந்து (களைக்கொல்லி) அடித்துவிட்டுப் போனார்கள். காய்ந்ததை அள்ளவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் செடி பழுப்பாகி, அழுகி, மூழ்கிவிட்டது. கரை சுத்தமாகத் தெரிந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம்.

ஞாயிறு காலை கண்டவை

புத்தாண்டு முடிந்து, சித்ரா பௌர்ணமிக்கு ஐந்து நாள் இருக்கையில், சனி இரவு பலத்த காற்றோடு மழை பிடித்தது. விடியும் முன் ரப்பர்ப் பால் வெட்டப் போன ஒருவர் மோட்டார் விளக்கு வெளிச்சத்தில் முதலில் பார்த்தார்: படிக்கட்டோரம் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன, வெளிச்சம் பட்டும் ஓடவில்லை. இறால்கள் தண்ணீரை விட்டுக் கல்லில் ஏறிக் கிடந்தன. எட்டு மணிக்குள் வெள்ளை வயிறுகள் மிதக்க ஆரம்பித்தன. தண்ணீர் பச்சை மாறிக் கரும்பழுப்பாக இருந்தது, அழுகிய முட்டை வாடை அடித்தது.

இதில் பயன்பட்ட வேலையைச் செய்தவர் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே கரையைச் சுற்றி நடந்தார். செத்தவை ரோகு, லம்பாம், திலேப்பியா. அதிலும் பெரியவை முதலில். கூண்டுத் திலேப்பியா பெரும்பாலும் போய்விட்டது. ஓரத்தில் விரல் நீளக் குஞ்சுகள் மேல்நீரில் உயிரோடு இருந்தன. ஆருவான், கெலி, புயூ, செப்பாட் ஒன்றுகூடச் சாகவில்லை. தவளையும் வாத்தும் எப்போதும் போல இருந்தன. வாடை படிக்கட்டுப் பக்கம் அதிகம், கால்வாய் வாயில் குறைவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் போட்டிருந்தார். அந்தத் தாள் இல்லையென்றால் இந்தப் பதிவில் எழுத அதிகம் இருந்திருக்காது.

சந்தேகங்கள்

ஒன்பது மணிக்குள் படங்கள் எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டன, கூடவே தீர்ப்பும். முதல் கட்சி, செம்பனை ஆலைக் கழிவு என்றது. இரண்டாவது, குத்தகைக்காரன் அடித்த புல்மருந்து என்றது. கூண்டுக்காரர் வளருவது பிடிக்காத ஒருவரின் வேலை என்று மூன்றாவது கட்சி. கூண்டுக்காரரே அதை முழுதாக மறுக்கவில்லை, அவருக்கு ஆள் மேலும் சந்தேகம் இருந்தது. நான்காவதுதான் ஆபத்தானது. கொங்சியில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை மீனுக்காகத் துபா வேர் தட்டிப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு குரல் பதிவு சுற்றியது. துபா இந்தப் பகுதியில் ஊரறிந்த மீன் நஞ்சு. 1985 மீன்வளச் சட்டப்படி நஞ்சு, வெடி, மின்சாரம் கொண்டு மீன் பிடிப்பது குற்றம் என்பதும் பலருக்குத் தெரியும். ஆகவே ஆவேசத்துக்குச் சட்டமும் துணைக்கு வந்துவிட்டது.

கடைக்கு வந்த இரண்டு வங்காளதேசத் தொழிலாளர்களை நம் பையன்கள் சூழ்ந்துகொண்டு, ஒருவரின் கைப்பேசியைப் பிடுங்கிப் படங்களைத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பத்துப் பதினைந்து பேர் மோட்டாரை எடுத்துக்கொண்டு கொங்சிக்குப் போவதாகக் கோயில் வாசலில் கூடினார்கள்.

நோட்டும் கையுமாக வந்த கிராணி அவர்களைத் தடுத்த விதம் இப்படி. அதட்டவில்லை. முன்னால் நின்ற பையனிடம், "தம்பி, போறதுக்கு முன்னால ஒன்னு சொல்லு. ஆருவான் செத்திருக்கா?" என்றார்.

"தெரியாதுங்க ஐயா."

"பாத்துட்டு வா. துபா போட்டா ஆருவானும் மயங்கும்."

இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். டீச்சர் தாளைக் காட்டினார். கூட்டம் கலையவில்லை, ஆனால் சுருதி இறங்கியது. துபாவின் நஞ்சு, உடம்பு மூச்சுக்காற்றைப் பயன்படுத்தும் வேலையையே தடுப்பது. மேலே வந்து காற்றைக் குடிக்கும் ஆருவானும் அதில் தப்பாது. கிராணிக்கு இந்த விளக்கம் தெரியாது, விளைவு தெரிந்திருந்தது.

அதே வாசலில், எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்: "மொத மழைக்கு மீன் மயங்கும்யா. லயத்துல இருக்கறப்ப கூடைய எடுத்துக்கிட்டுப் போவோம்." யாரும் காதில் வாங்கவில்லை. டீச்சர் மட்டும் அதையும் தாளில் எழுதிக்கொண்டார்.

அன்று எடுத்த முடிவுகளும் காரணமும்

கோயில் நிர்வாகமும் ருக்குன் தெத்தாங்காவும் மண்டபத்தில் உட்கார்ந்து பேசியதில் நான்கு விஷயம் முடிவானது.

கொங்சிக்கு யாரும் போகக் கூடாது. சந்தேகம் இருப்பவர் போலீஸில் புகார் கொடுக்கலாம். அங்கே ஒரு அடி விழுந்தால் அப்புறம் மீன் எதனால் செத்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. தோட்டத்துத் தண்டலிடம் (மேஸ்திரியிடம்) பேசி, தொழிலாளர்கள் அன்று வெளியே வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். இது அவர்களுக்கு நியாயமில்லைதான். ஆனாலும் அன்றைய சூட்டில் வேறு வழி தெரியவில்லை.

செத்த மீனை யாரும் தின்னவோ விற்கவோ கூடாது. காரணம் தெரியாதவரை நஞ்சென்றே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். இரண்டு வீட்டில் அதற்குள் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, டீச்சர் நேரில் போய்க் கொட்ட வைத்தார்.

மாதிரி எடுப்பது. கழுவிய கண்ணாடிப் போத்தல்களை முழங்கை ஆழத்தில் முக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே மூடி, இடமும் நேரமும் எழுதி ஐஸ் பெட்டியில் வைத்தோம். படிக்கட்டு, கால்வாய் வாய், கூண்டுப் பக்கம், கம்போங் பக்கம் என நான்கு இடம். செத்துக்கொண்டிருந்த மீன் சிலவற்றையும் தனிப் பையில் ஐஸில் போட்டோம். அழுகிய மீனை வைத்துப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்றார் டீச்சர்.

கால்வாயை நடந்து பார்ப்பது. கொங்சிக்குப் போகத் துடித்த பையன்களில் இருவரையே கிராணியோடு அனுப்பினோம். கால்வாயை அதன் தலை வரை பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பினார்கள். மழைக்கு முன் வறண்டு கிடந்த கால்வாய் அது. மட்டையும் இலையும் அழுகிய கருப்புத் தண்ணீர் அன்றிரவுதான் ஓடியிருக்கிறது. ஆலையின் கழிவுக் குளங்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம், அவற்றின் நீர் வேறு ஓடைக்குப் போகிறது. இந்த வடிகால் வரைபடம் கிராணியின் தலைக்குள்ளேயே இருந்தது, ஆனால் பையன்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னதுதான் ஊரில் எடுபட்டது.

ஞாயிறு என்பதால் அலுவலகங்கள் மூடியிருந்தன. மீன்வளத் துறைக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் தொலைபேசியில் புகார் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். மாலையில் தோட்டம் பேக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) கொடுத்து உதவியது. கரையை விட்டுத் தள்ளிக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மீன்களைப் புதைத்தோம்.

திங்களும் செவ்வாயும்

திங்கள் பகல் 11 மணிக்கு மீன்வளத் துறை அதிகாரி வந்தார். ஆக்ஸிஜன் மீட்டரை இறக்கிப் பார்த்தபோது மேல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் காட்டியது. பொதுவாக அந்த அளவில் மீன் நன்றாகவே இருக்கும். 3-க்குக் கீழே திணறும், 2-க்குக் கீழே பல வகை தாங்காது. அளவு சரியாக இருக்கிறது என்றதும் பின்னால் நின்ற கூட்டத்தில் "அப்போ விஷம்தான்" என்று முணுமுணுப்பு எழுந்தது.

டீச்சர் தாளை நீட்டினார். சாவு விடியலில்தானே தொடங்கியது, வெயில் ஏறிய பிறகு அளந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டார். அதிகாரி இளைஞர், கோபப்படவில்லை. தாளை இரண்டு முறை படித்தார். இறால் கல்லில் ஏறியது, பெரிய மீன் முதலில் செத்தது, ஆருவானும் கெலியும் தப்பியது ஆகிய மூன்றையும் கோடிட்டார். மறுநாள் விடியும் முன் வருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி வந்தார்.

செவ்வாய் காலை 6 மணி சுமாருக்கு மேல்நீரில் 1-க்குச் சற்று மேல். மீட்டர்க் கம்பியை இரண்டு மீட்டர் இறக்கியதும் முள் சைபரை ஒட்டி நின்றது. டார்ச் வெளிச்சத்தில் அந்த எண்ணைப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

போத்தல்களும் மீன்களும் பரிசோதனைக்குப் போயின. சில வாரம் கழித்து வந்த முடிவில், பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ மீனைக் கொல்லும் அளவில் இல்லை என்று இருந்தது.

நடந்தது என்ன

அதிகாரி கரையில் நின்று விளக்கியதை என் சொல்லில் எழுதுகிறேன். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் நிற்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். நீண்ட வெயிலில் மேல்நீர் சூடாகி லேசாகும், அடிநீர் குளிர்ந்து கனமாகக் கீழேயே கிடக்கும். பால் மேல் ஆடை மாதிரி இரண்டும் கலக்காமல் நிற்கும். காற்றுப் படாத அடிநீரில் இருக்கும் ஆக்ஸிஜனை, அழுகுகிற எல்லாம் சேர்ந்து தின்றுவிடும். எங்கள் குட்டை அடியில் ஒரு கரை ஆகாயத்தாமரை முழுவதும் கிடந்து அழுகியது. மேலே பச்சையாகத் தெரிந்த பாசி பகலில் ஆக்ஸிஜனைத் தரும், இரவில் அதுவே குடிக்கும். அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் எந்தக் குட்டையிலும் ஆக்ஸிஜன் மிகக் குறைவு.

இந்த நிலையில் சனி இரவுக் குளிர்ந்த மழையும் காற்றும் மேல்நீரைக் குளிர வைத்துப் புரட்டிவிட்டன. அடியில் கிடந்த செத்த நீர் அழுகிய முட்டை வாடையோடு மேலே வந்தது. கால்வாய் ஓர் ஆண்டுக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டியது. செவுளால் மட்டுமே மூச்சு விடும் மீன்கள் மாட்டிக்கொண்டன. ஆருவான், கெலி, புயூ எல்லாம் தலைக்குள் காற்றைப் பிடித்து மூச்சு விடும் உறுப்பு உள்ளவை, மேலே வந்து வாய் நிறையக் காற்றைக் குடித்துவிட்டுப் போய்விடும்.

புல்மருந்து நேராக மீனைக் கொல்லவில்லை, அது கொன்று மூழ்கடித்த செடிதான் பங்காற்றியது. வறட்சிக்கும் மழைக்கும் அழுகிய செடிக்கும் எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றே அதிகாரி சொன்னார். என் கணிப்பில், செடியை அள்ளி எடுத்திருந்தால் பாட்டி சொன்ன பழைய 'மயக்கம்' அளவோடு போயிருக்கும்.

கூண்டில் நடந்ததையும் சேர்க்க வேண்டும். திருவிழாவுக்கு விற்க எடை ஏற வேண்டுமென்று அவர் சனி மாலை கூடுதலாகத் தீனி போட்டிருந்தார். தின்ற மீனுக்கு ஆக்ஸிஜன் அதிகம் வேண்டும், மிச்சத் தீனி அழுகுவதும் ஆக்ஸிஜனைத் தின்னும். செவ்வாயிலிருந்து தீனியை நிறுத்தி, தண்ணீர்ப் பம்பை வைத்து இரவு முழுவதும் நீரை மேலே தூக்கி இறைக்கச் சொன்னார் அதிகாரி. மிஞ்சியிருந்த ஒரு கூண்டு அதனால் பிழைத்தது.

திருவிழா

கரகம் பற்றிப் பேச்சு நீண்டது. குட்டைத் தண்ணீர் இல்லாமல் கரகமா என்று பெரியவர்கள். அந்த வாடையில் வெறுங்காலோடு எப்படி இறங்குவது என்று இளசுகள். பூசாரி முடித்து வைத்தார்: ஜோடிப்பது படிக்கட்டிலேயே, தண்ணீர் கோயில் குழாயிலிருந்து. பௌர்ணமியன்று வாடை ஓரளவு அடங்கியிருந்தது. கூட்டம் வழக்கம் போல வந்தது.

பிறகு

கூண்டுக்காரருக்கு நஷ்ட ஈடு எதுவும் வரவில்லை. மிஞ்சியதை விற்று, கூண்டுகளைக் கழற்றிவிட்டு, வீட்டுப் பக்கத்தில் கன்வாஸ் தொட்டி போட்டுக் கெலி வளர்க்கிறார். ஆள் மேல் வைத்திருந்த சந்தேகத்தை அவர் விட்டாரா என்று நான் கேட்டதில்லை.

கைப்பேசி பிடுங்கப்பட்ட தொழிலாளரிடம் பையன்களில் மூன்று பேர் டீச்சரோடு போய் மன்னிப்புக் கேட்டார்கள். மற்றவர்கள் போகவில்லை, நாங்கள் வற்புறுத்தவுமில்லை. அவர் "தா அப்பா" (பரவாயில்லை) என்று மலாயில் சிரித்துக்கொண்டே சொன்னதாக டீச்சர் சொன்னார். ஆனால் கொங்சிக்காரர்கள் அதன்பின் எங்கள் கரையில் தூண்டில் போட வரவே இல்லை, கம்போங் பக்கம் சுற்றிப் போய்விடுகிறார்கள். கடைக்காரர் அவர்கள் வியாபாரத்தில் பாதியை இழந்தார். குரல் பதிவு யாருடையது என்று தெரியும், ஊரில் யாரும் அதைப் பேசுவதில்லை. இந்தச் சம்பவத்தில் சரி செய்யப்படாமல் போன பகுதி இதுதான். மீன் அடுத்த மழைக்காலத்துக்குள் திரும்பிவிட்டது.

ஆகாயத்தாமரையும் தீபாவளிக்குள் திரும்பியது. இந்த முறை மருந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். தவணை முறையில், ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு, கொக்கிக் கம்பால் இழுத்துக் கரையேற்றிக் காய வைத்து, செம்பனை மரத்தடியில் உரமாகப் போடுகிறோம். மருந்துதான் அடிப்பது என்றாலும் முழுப் பரப்புக்கும் ஒரே நாளில் அடிக்கக் கூடாது, பகுதி பகுதியாக இடைவெளி விட்டு அடிக்க வேண்டும் என்பது அதிகாரி சொல்லிவிட்டுப் போனது. டிங்கிக்கு வீட்டு வீடாகப் பூச்சட்டித் தட்டும் கூரைத் தூம்பும் பார்க்கிறோம், அது வேறு குழு.

இனி எப்படி

அடுத்து எங்கேனும் இப்படி நடந்தால் முதல் இரண்டு மணி நேரத்தில் எழுதி வைக்க வேண்டியது எந்த மீன் செத்தது, எது சாகவில்லை, பெரியதா சிறியதா, எத்தனை மணிக்கு, என்ன வாடை என்பவை. எல்லா அளவு மீனும் எல்லா வகையும் தவளையும் சேர்ந்து செத்தால் நஞ்சைச் சந்தேகிக்க இடமுண்டு. எங்களுக்கு நடந்தது போல் இருந்தால் மீட்டரோடு வருபவரை விடியலுக்கு முன் வரச் சொல்ல வேண்டும். டீச்சரின் தாளைப் பார்த்து ஒரு படிவம் தயாரித்து மண்டபத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். போத்தலும் ஐஸ் பெட்டியும் கோயில் சாமான் அறையில் இருக்கின்றன, அவ்வப்போது யாராவது ஐஸ் பெட்டியைக் கல்யாணத்துக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள்.

பாட்டியைப் போன்றவர்களைக் கேட்காமல் விட்டது பெரிய இழப்பு. தோட்டத்தில் இருந்த காலத்தில் எந்த மாதம் எந்தத் தண்ணீர் எப்படி மாறும் என்று அவர்களுக்கு அத்துப்படி. அவரிடமும் கம்போங் பெரியவர்கள் இருவரிடமும் கேட்டு, கிராணியின் மழைக் கணக்கோடு சேர்த்து, மாதவாரியாக ஒரு அட்டவணை டீச்சர் எழுதியிருக்கிறார். மழைமானியை இப்போது கிராணியின் பேத்தி பார்த்துக்கொள்கிறாள். சைபர் போடும் நாட்களில் சலித்துக்கொள்கிறாள், ஆனால் போடுகிறாள்.

வாட்ஸ்அப்புக்கு நாங்கள் போட்ட விதி, செத்த மீன் படம் போடலாம், ஆள் படம் போடக் கூடாது என்பது. பாதி நாள் கடைப்பிடிக்கப்படுகிறது.

மூன்று வாரம் மழை இல்லையென்றால் இரவில் ஓட்ட இரண்டு பம்பு தயாராக இருக்க வேண்டும் என்றும் முடிவானது. ஒன்று கூண்டுக்காரர் கொடுத்தது. இரண்டாவதை வாங்கப் பணம் இருக்கிறது; டீசல் செலவு கோயில் கணக்கிலா ருக்குன் தெத்தாங்கா கணக்கிலா என்பது இன்னும் தீரவில்லை.